ஐக்கியம், ஊக்கம், வீட்டுக் கூட்டம்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து பிளேன்டீ கோப்பையோடு நிற்கும்போது சில கேள்விகள் வரும். காலி வீதியில் 101 பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து சில வரும். பாதிராத்திரியில் வட்ஸ்அப்பில் வருகிறவைதான் பெரும்பாலும் கஷ்டமான கேள்விகள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டுக் கூட்டம் நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"ஐக்கியம், ஐக்கியம் என்கிறீர்களே, ஆராதனை முடிந்து நின்று டீ குடிக்கிறதுதானே அது?"

டீயும் அதில் சேர்த்திதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அது பழக்கம், அவ்வளவுதான். அப்போஸ்தலர் 2:42இல் முதல் சபை விடாமல் செய்த நாலு காரியங்கள் வருகின்றன: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இரண்டாவதாக இருப்பதுதான் நாங்கள் ஐக்கியம் என்று சொல்வது. அடுத்த வசனங்களில் அது எப்படி இருந்தது என்றும் இருக்கிறது: உள்ளதை விற்று அவரவர் தேவைக்குத் தக்கதாகப் பகிர்ந்தார்கள், வீடுகள்தோறும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

ஐக்கியம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கிற அளவு சின்னது. வருகிற வியாழன் உங்களுக்கு ஸ்கேன் இருக்கிறது என்று வீட்டுக்கு வெளியே யாருக்காவது தெரியுமா? வெள்ளிக்கிழமை "டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா? இருந்தால் ஐக்கியம் இருக்கிறது. இல்லாவிட்டால் முன்னூறு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் தனியாகத்தான் இருக்கிறீர்கள். கீழே வருகிற பல பதில்கள் இந்த அளவுக்குத்தான் திரும்பி வரும்.

"ஞாயிறு கோயிலுக்குப் போகிறேன், வீட்டிலும் ஜெபிக்கிறேன். அது போதாதா?"

ஜெபத்துக்குப் போதும். ஆனால் பாரத்தைச் சுமக்க, குற்றத்தை அறிக்கையிட, அழுகிறவர்களோடு அழ இன்னொரு ஆள் வேண்டும். இவற்றைத் தனியே செய்ய வழியில்லை.

எபிரெயர் 10:25ஐ எல்லாருக்கும் தெரியும், சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்கிற வசனம். வராதவர்களை வெட்கப்படுத்த அதை எடுத்து வீசுகிறோம். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவிவிடும்படி ஒருவரையொருவர் கவனியுங்கள் என்கிறது. கூடிவருவதே அதற்காகத்தான். வந்து, யாரையும் கவனிக்காமல், கடைசிப் பாட்டு முடியுமுன் த்ரீவீல் பிடித்துப் போனால் வசனத்தின் பாதிதான் நிறைவேறியது.

பெரிய சபையில் எல்லாரும் எல்லாரையும் கவனிக்க முடியாது என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்தர் தங்கள் கட்டடக் கடனை அடைக்க ஆட்களைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். கிழமைக்கு ஆளுக்கு ஒரு பென்னி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் வீடு வீடாகப் போய்ச் சேர்க்க வேண்டும். காசு சேர்க்கப் போன தலைவர்கள் குடிப்பழக்கத்தையும் குடும்பச் சண்டையையும் நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். மெதடிஸ்த இயக்கத்தின் தலைவர் யோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். காசு சேர்க்கும் ஏற்பாடு ஆத்துமாக்களைக் கவனிக்கும் ஏற்பாடாக மாறியது. அந்த மெதடிஸ்தரின் மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள்.

"எங்கள் சபையில் வீட்டுக் கூட்டம் இல்லை. நானே தொடங்கலாமா?"

முதலில் போதகருக்கோ ஃபாதருக்கோ சொல்லுங்கள். அனுமதி வாங்குவதைவிட, பின்னால் "இவர்கள் தனிச் சபை நடத்துகிறார்கள்" என்ற பேச்சு வராமல் இருக்க அது உதவும். கத்தோலிக்கர் என்றால் பங்கில் ஏற்கெனவே அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சின்னக் குழு) இருக்கிறதா என்று விசாரியுங்கள். வின்சென்ட் தி போல் சபையையும் பாருங்கள். 1833இல் பாரிஸில் தொடங்கியது. கஷ்டப்படுகிற வீடுகளை இரண்டு இரண்டு பேராகச் சந்திப்பது அவர்கள் வழக்கம். எந்தச் சபையாரும் அந்த இரண்டு பேர் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நடந்து போகக்கூடிய தூரத்தில் மூன்று வீடுகள் இருந்தால் தொடங்கிவிடலாம். 2022இல் பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் இருந்த காலத்தில் தப்பிப் பிழைத்த குழுக்கள் எவை என்று பார்த்தால் தெரியும்: ஒரே ஒழுங்கையில், ஒரே ஃபிளட்ஸில் இருந்தவர்கள்தான். நாள் தேடுகிறவர்களுக்குப் போயா (பௌர்ணமி) விடுமுறை வசதி, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். கீழ் வீட்டுக்காரருக்கு முதலே சொல்லிவிடுங்கள். மைக், ஸ்பீக்கர் வேண்டாம். எட்டரைக்கு முடியும் என்று சொன்னால் எட்டரைக்கு முடியுங்கள். காலையில் ஐந்து மணிக்கு எழும்பிச் சமைக்கிற பெண்கள் அடுத்த கிழமையும் வருவார்களா என்பது அதில்தான் இருக்கிறது.

"வருகிறவர்களுக்கு என்ன சாப்பாடு வைக்கிறது?"

பிளேன்டீ, கிறீம் கிறேக்கர். அதற்கு மேல் வேண்டாம் என்று முதல் நாளே எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் ரோல்ஸ், அடுத்த வீட்டில் ரோல்ஸும் கட்லட்டும், மூன்றாம் வீட்டில் கேக்கும் சேர்ந்தது என்றால், நாலாம் வீட்டுக்காரர் "எங்கள் வீட்டில் இடம் காணாது" என்று சொல்லத் தொடங்குவார். இடம் இருக்கும், காசுதான் இருக்காது. கொரிந்து சபையில் ஒருவன் பசியோடும் ஒருவன் வெறித்தும் இருந்ததைப் பவுல் கண்டித்தது (1 கொரிந்தியர் 11:21) சாப்பாட்டு மேசையில் நடந்த விஷயத்துக்காகத்தான்.

"ஊக்கப்படுத்துங்கள் என்கிறீர்கள். எனக்கு நல்லாய்ப் பேச வராதே?"

நல்லாய்ப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்", "எல்லாம் நன்மைக்கே", "தைரியமாய் இருங்கோ" என்று அவர்களுக்கு வாயில் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். பொய் இல்லை. ஆனால் யாருக்கும் எப்போதும் சொல்லலாம் என்பதால் கேட்கிறவருக்கு அது தன்னுடையதாகப் படுவதில்லை.

எங்கள் குழுவில் ஒரு பிள்ளை இருந்தாள். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை, போடிங்கில் தங்கல், ஓ/எல் கணக்குப் பாடத்தைத் திரும்ப எழுதினாள். ஜெபத்தில் எல்லாரும் அவளுக்காக வேண்டிக்கொண்டோம். பரீட்சை அன்று காலை ஆறரைக்கு, குழுவிலேயே குறைவாகப் பேசுகிற ஒரு அங்கிள் அவளுக்கு மெசேஜ் போட்டிருந்தார்: "இன்றைக்குத்தானே கணக்கு? அடையாள அட்டை எடுத்தாயா, பிள்ளை?" அவ்வளவுதான் செய்தி, வசனம்கூட இல்லை. அதை அவள் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். நாளும் பாடமும் ஒருவருக்கு நினைவிருந்தது என்பதுதான் அவளுக்குக் கிடைத்த ஊக்கம்.

ஆகவே பேச்சை விடுங்கள், விவரத்தைப் பிடியுங்கள். யாருக்கு என்ன திகதி, எந்த ஆஸ்பத்திரி, மகனுக்கு எந்த இன்டர்வியூ என்று சின்னக் கொப்பியில் எழுதுங்கள். அந்த நாளில் ஒரு வரி, அடுத்த நாள் ஒரு கேள்வி. ரோமாபுரியில் சங்கிலியோடு இருந்த பவுலை ஒநேசிப்போரு மிகுந்த பிரயாசத்தோடு தேடிக் கண்டுபிடித்தான் என்று 2 தீமோத்தேயு 1:17 சொல்கிறது. அவன் அங்கே போய் என்ன பேசினான் என்று ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை.

"செத்த வீட்டில் என்ன சொல்கிறது என்றே தெரியவில்லை. அதனால் போகாமலே விட்டுவிடுகிறேன்."

போங்கள். சொல்ல ஒன்றும் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "தேவசித்தம்", "நல்ல இடத்துக்குத்தானே போயிருக்கிறா", "இன்னொரு பிள்ளையைத் தருவார்" ஆகிய மூன்றையும் தயவுசெய்து மலர்ச்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னச் சம்பவம் இருந்தால் அதைச் சொல்லலாம், வீட்டார் அதைக் கேட்க ஆசைப்படுவார்கள்.

அப்புறம், கொழும்பில் அடக்க நாளன்று பொரளை கனத்தை மயானத்தில் கூட்டம் நிற்கும். முப்பத்தோராம் நாள் வரையும் ஆட்கள் வருவார்கள். அதன் பிறகுதான் வீடு வெறிச்சென்று போகும். மரணச் சான்றிதழ் பிரதி எடுக்க, வங்கிக் கணக்கு மாற்ற, தண்ணீர் பில்லில் பெயர் மாற்ற என்று கந்தோர் கந்தோராக அலைவதும் அப்போதுதான் தொடங்கும். கூடப் போய் வரிசையில் நிற்க ஒருவர் இருந்தால் பெரிய உதவி. உங்கள் கொப்பியில் நாற்பத்தைந்தாம் நாளையும், முதல் கிறிஸ்மஸையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு நேரம் நிற்கலாம்? வார்டில் ஜெபிக்கலாமா?"

கொஞ்ச நேரம் போதும். ஜெபிக்கலாமா என்று நோயாளியிடம் கேளுங்கள். சரி என்றால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், சுருக்கமாக. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் வலியோடுதான் படுத்திருக்கிறார், அவருக்கு உங்கள் பிரசங்கம் தேவையில்லை. துணைக்கு நிற்கிறவரை மறக்காதீர்கள். "நீங்கள் போய்க் குளித்துவிட்டு வாங்கோ, நான் நிற்கிறேன்" என்பதற்கு ஈடான வசனம் அந்த நேரத்தில் இல்லை.

இதில் கொழும்புக்காரருக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், பதுளை என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். நோயாளிக்குக் கட்டில் கிடைக்கும். கூட வந்தவருக்குத் தங்க இடம் இராது, சிங்களம் தெரியாது, எந்த பஸ் என்று தெரியாது. ஒரு அறை கொடுக்க முடியாவிட்டாலும் கிளினிக் நாளில் ஒருவர் கூடப் போய்க் கதைத்து உதவலாம். எங்கள் பக்கத்துக் குழுக்களில் வெட்கப்பட்டு மூலையில் இருந்த பல ஆண்கள் இந்த வேலையில்தான் உண்மையாகவே உள்ளே வந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து மனதைத் திற என்றால் திறக்க மாட்டார்கள். மகரகம வரை ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போனால் பேசுவார்கள்.

"கொடுப்பது சரி. எனக்கு உதவி கேட்க வெட்கமாய் இருக்கிறதே?"

பவுலுக்கு வெட்கம் இருக்கவில்லை. சாகப்போகிறேன் என்று தெரிந்து எழுதின கடிதத்திலேயே, துரோவாவில் கார்ப்பு வசம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, புத்தகங்களையும் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன் வந்துசேரப் பார் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:13, 21). என்ன பொருள், யாரிடம் இருக்கிறது, எப்போது வேண்டும் என்று மூன்றும் தெளிவாக இருக்கிறது. நீங்களும் அப்படிக் கேளுங்கள். "ஏதாவது உதவி செய்யுங்கோ" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. "செவ்வாய் இரண்டு மணிக்குச் சின்னவனை ஸ்கூலால் கூட்டிக்கொண்டு வர முடியுமா?" என்றால் ஒருவர் கட்டாயம் வருவார்.

"ஜெபக் குறிப்பு கொடுத்தேன். அடுத்த நாள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. இனி எப்படிப் பேசுவது?"

உங்கள் கோபம் நியாயம். "ஜெபிக்கத்தான் சொல்கிறேன்" என்ற முன்னுரையோடு எத்தனை குடும்பக் கதைகள் வெள்ளவத்தையிலிருந்து வத்தளை வரை போயிருக்கின்றன! எங்கள் குழுவில் வைத்திருக்கிற விதி: உரியவரின் வாயால் அனுமதி இல்லாமல் ஒருவருடைய விஷயம் வட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது, கணவன் மனைவிக்குள்ளும் சொல்லக்கூடாது, போதகருக்கும் கேட்ட பிறகுதான். பெயர் போடாமல் "ஒரு சகோதரி" என்று போடுவதும் கூடாது. எந்தச் சகோதரி என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் எடுக்கும். இதை ஒருவர் மீறினால் எல்லார் முன்னும் பொதுவாகச் சொல்லி மழுப்பாமல் அந்த ஆளிடமே தனியாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு விலக்கு உண்டு. ஒரு பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கிறது என்று தெரிந்தால் இரகசியம் கிடையாது. 1929 சிறுவர் உதவி இலக்கம், உடனே அழையுங்கள். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கு 1938 இருக்கிறது. "குடும்ப மானம், சபை மானம்" என்று மூடி மறைப்பதற்கு ஐக்கியம் என்று பெயர் வைக்காதீர்கள். அடிக்கிறவரும் அதே கூட்டத்தில் கிட்டார் வாசிக்கிறவராக இருக்கலாம்.

"எங்கள் குழுவில் ஒருவருக்கு மனச்சோர்வு. விசுவாசம் குறைவு என்று சொல்கிறார்கள். சரியா?"

எலியா தீர்க்கதரிசிக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் இருக்கிறதா? கர்மேலில் அக்கினி இறங்கின பிறகுதான் அவர் சூரைச்செடியின் கீழே படுத்து, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், சாப்பிட்டார், திரும்பப் படுத்தார், இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான் (1 இராஜாக்கள் 19:5-7). கேள்வி பிறகுதான் வந்தது.

சாப்பாடு, நித்திரை, வைத்தியர். மனநல மருந்து எடுப்பதும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பதும் ஒன்றுதான். மருந்தை நிறுத்திவிட்டு ஜெபியுங்கள் என்று சொல்கிறவரை உங்கள் குழுவில் பேச விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல் கூட இருந்தே அழையுங்கள்.

"2019க்குப் பிறகு அம்மா கோயிலுக்குள் இருக்கப் பயப்படுகிறா. வற்புறுத்தலாமா?"

வேண்டாம். ஏப்ரல் 21இல் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் நடந்த குண்டுவெடிப்புகளை நேரில் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பயம் உடம்பில் இருக்கிறது. ஆட்கள் இல்லாத ஒரு வார நாளில் கூட்டிக்கொண்டு போய் வாசலுக்குக் கிட்ட கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். எழும்பிப் போகவேண்டும் என்றால் உடனே போங்கள். அதுவரை நற்கருணை வீட்டுக்கு வரும், கூட்டமும் வீட்டுக்கு வரலாம். நேரம் எடுத்தால் எடுக்கட்டும்.

"ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று சொல்லிக் கடன் கேட்கிறார். கொடுக்காவிட்டால் அன்பில்லையா?"

கலாத்தியர் 6:2 பாரத்தைச் சுமக்கச் சொல்கிறது. மூன்றே வசனம் தள்ளி, 6:5இல், அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். திடீரென்று சத்திரசிகிச்சை, வேலை போய்விட்டது, வீடு காலி பண்ணச் சொல்கிறார்கள் என்பது ஒரு ஆள் தனியே தூக்க முடியாத பாரம். மாதா மாதம் சம்பளத்தைச் செலவழித்துவிட்டு இருபதாம் திகதி கைநீட்டுவது வேறு.

என் யோசனை: இழந்தாலும் நட்பு கெடாத தொகையை மட்டும் கொடுங்கள், கொடுக்கும்போதே அது வராது என்று நினைத்துக் கொடுங்கள். பெரிய தொகை என்றால் ஒருவர் தலையில் போடாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, முடிந்தால் சபை மூலமாக, கடைக்கோ வீட்டுச் சொந்தக்காரருக்கோ நேரடியாகக் கட்டுங்கள். கூட்டத்துக்குள் சீட்டுப் பிடிப்பது, காணி விற்பது, "ஆறு பேரைச் சேர்த்தால் லாபம்" என்கிற வியாபாரம் எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்ன பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி தடை. சகோதரர் என்ற நம்பிக்கையில்தான் அவை சபைகளுக்குள் இவ்வளவு வேகமாகப் பரவுகின்றன.

"யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு பக்கம், மலையகத்து ஆட்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். இதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?"

பேசினால் டீ கசக்கும் என்பதால். எந்த ஊர் என்று கேட்பது கொழும்பில் சாதாரணப் பேச்சு. ஆனால் பதில் வந்த பிறகு குரல் மாறுவதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பின்னால் சாதி, பேச்சு வழக்கு, வேலை எல்லாம் இருக்கிறது. யாக்கோபு 2ஆம் அதிகாரம் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்குப் பாதபடிக்குக் கிட்ட இடம் என்று எங்கள் ஆசன ஒழுங்கைப் பார்த்து எழுதினதுபோல் இருக்கிறது.

பிரசங்கத்தால் இது மாறி நான் பார்க்கவில்லை. வீடு மாறினால்தான் மாறுகிறது. கூட்டம் எப்போதும் இராமகிருஷ்ண வீதி ஃபிளட்ஸில் நடந்தால் போடிங் பிள்ளைகள் எப்போதும் விருந்தாளிகள்தான். அவர்களுடைய அறையில், பாய் விரித்து, ஒரு தடவை நடத்துங்கள். அன்று அவர்கள் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளிகள். கிறீம் கிறேக்கர் விதி ஏன் என்று இப்போது விளங்கும். சிங்களம் பேசுகிற மருமகள், மருமகன் இருக்கிற குடும்பங்களுக்கும் இதுவே: ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் சிங்களத்தில் இருந்தால் அவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

"நான் சூமில் வருகிறேன். அது காணாதா?"

2020 ஊரடங்கில் சூம் இல்லாவிட்டால் பல பேர் உடைந்தே போயிருப்பார்கள். படுக்கையில் இருக்கிறவர்களுக்கும் இரவு ஷிஃப்ட்காரருக்கும் இன்றும் அதுதான் வழி. பவுலும் தூரத்திலிருந்து கடிதத்தால் ஊக்கப்படுத்தினவர்தானே. ஆனால் யோவான் தன் கடிதத்தை முடிக்கும்போது, காகிதத்தினாலும் மையினாலும் எழுத எனக்கு மனதில்லை, முகமுகமாய்ப் பேச வருகிறேன் என்கிறார் (2 யோவான் 12). வர முடியாதவருக்குச் சூம் காணும். வர அலுப்பாய் இருக்கிறவருக்குக் காணாது. நீங்கள் எந்த ஆள் என்று உங்களுக்கே தெரியும்.

"பிழையைச் சொன்னால் கோபிக்கிறார்கள், சொல்லாமல் விட்டால் அன்பில்லை என்கிறீர்கள். என்ன செய்கிறது?"

முதலில் தனியே (மத்தேயு 18:15). இந்த முதல் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் முக்கால்வாசிச் சண்டை. தன் ஸ்கேன் திகதியைத் தெரிந்துவைத்திருக்கிற ஒருவர் சொன்னால் அந்த ஆள் கேட்பார். வருடம் முழுக்கப் பேசாமல் இருந்து, பிழையைக் கண்டவுடன் வருகிறவர் சொன்னால் கேட்க மாட்டார். சாந்தமுள்ள ஆவியோடு சீர்பொருந்தப்பண்ணுங்கள், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக் குறித்து எச்சரிக்கையாயிரு என்கிறது கலாத்தியர் 6:1. அந்தச் சாந்தம் இல்லாத நாளில் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

இதெல்லாம் செய்தும் பிரிவு வரலாம். சவுலை (பிறகு பவுல் என்று அழைக்கப்பட்டவரை) கண்டு எருசலேமில் எல்லாரும் பயந்தபோது கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தவர் பர்னபா. தர்சுவுக்குப் போய்த் தேடி அழைத்து வந்தவரும் அவரே. அந்த இரண்டு பேரே மாற்குவைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று சண்டை பிடித்துப் பிரிந்தார்கள் (அப்போஸ்தலர் 15:39). பிற்காலத்தில் பவுல், மாற்குவை அழைத்துக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதுகிறார். இடையில் பல வருடங்கள். சமாதானத்தை அடுத்த கூட்டத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள்.

"நான்தான் எல்லாரையும் தேடிப் போகிறேன். என்னை ஒருவரும் தேடுவதில்லை."

இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் குழுத் தலைவராகவோ போதகரின் மனைவியாகவோ இருப்பார். உங்கள் பெலவீனத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தால் தேட வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. மேலங்கிக் கதையைத் திரும்ப வாசியுங்கள். பவுல் மக்கெதோனியாவில் வெளியே போராட்டம், உள்ளே பயம் என்று ஒளிக்காமல் எழுதுகிறார்; தீத்து வந்ததால் தேவன் ஆறுதல் செய்தார் என்றும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 7:5-6). சொல்லியும் வரவில்லை என்றால் ஒரு மாதம் தலைமையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா போய் உட்காருங்கள். கூட்டம் நடக்கும். நடக்காவிட்டால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

"கொழும்பில் ஒருவரும் நிரந்தரமில்லை. விசா வந்ததும் கனடாவுக்குப் போய்விடுகிறார்கள். பழகி என்ன பிரயோசனம்?"

ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைப் பாருங்கள். அவர் பொந்து தேசத்தில் பிறந்தவர். கிலவுதியு ராயன் யூதரைத் துரத்தியதால் ரோமாபுரியை விட்டுக் கொரிந்துக்கு வந்தார்கள். அங்கே பவுலுக்குத் தங்க இடமும் கூடாரத் தொழிலில் கூட்டும் கொடுத்தார்கள். பிறகு எபேசு. ரோமர் 16 எழுதப்படும்போது திரும்ப ரோமாபுரியில். எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டில் சபை கூடினதாக இருக்கிறது. நிரந்தர முகவரி கிடைத்த பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால் ஒரு ஊரிலும் கூடியிருக்காது.

போகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. போகுமுன், நீங்கள் தேடிப்போய்ப் பார்த்துவந்த ஆட்களின் விவரங்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, இன்னொருவருக்குக் கையளியுங்கள். ஒரு தடவை அவரையும் கூட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய் வாருங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும், உங்கள் புதிய சபையின் பெயரை எங்களுக்கு அனுப்புங்கள். மூன்று மாதமாகியும் பெயர் வரவில்லை என்றால் நாங்கள் அழைப்போம். ரொறன்ரோ நேரம் எங்களுக்குத் தெரியும்.